கட்டடங்களும் நிழற்படங்களும்: கனடாவின் கட்டடச் சுவடிகள் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

கட்டடங்களைப் பற்றி எழுதப்படும் வரலாறுகள் பெரும்பாலும் அவற்றைக் கட்டுவித்தோரின் வரலாறுகளாகவே அமைந்துவிடுகின்றன. கட்டுவித்தவனின் பெயர் கல்லிலே நிற்கிறது. கல் சுமந்தவனின் பெயர் எங்கும் நிற்பதில்லை. இது புதிய கருத்தன்று. ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிழற்படக் கருவி தோன்றிப் பரவியபொழுது, இந்நிலை மாறக்கூடிய ஒரு வாய்ப்பு ஏற்பட்டது. கல்வெட்டு எழுதுவோன் எதனை எழுதுவது, எதனை விடுவது எனத் தீர்மானிக்கிறான். நிழற்படக் கருவியோ தன் முன்னுள்ள அனைத்தையும் வேறுபாடின்றிப் பதிவுசெய்வது போலத் தோன்றுகிறது. அவ்வாறாயின், கட்டடங்களைப் பற்றிய நிழற்படச் சுவடிகளில் கட்டுவித்தோருடன் கட்டியோரும், குடியிருந்தோரும், வெளியேற்றப்பட்டோரும் இடம்பெற்றிருத்தல் வேண்டும். உண்மையில் அவ்வாறு நிகழ்ந்துள்ளதா என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினாவாகும்.

இவ்வினாவை ஆராய்வதற்குக் கனடா மிகப் பொருத்தமானதொரு களமாகும். கனடா என்னும் அரசு 1867 இல் உருவாயிற்று. அதன் பாலங்களும் புகையிரதப் பாதைகளும் பாராளுமன்றமும் மாநகரங்களும் நிழற்படக்கலை வளர்ந்த அதே காலப்பகுதியிலேயே எழுந்தன. எனவே அந்நாட்டின் கட்டட வரலாறு தொடக்கத்திலிருந்தே படமாகப் பதிவாகியுள்ளது எனலாம். ஆனால் அந்நிலம் 1867 இல் தோன்றியதன்று. அங்கு பன்னெடுங்காலமாக வாழ்ந்துவந்த முதற்குடி மக்களின் கட்டடங்களும் அதே கருவியினாற் பதிவுசெய்யப்பட்டன. இவ்விரு பதிவுகளுக்கும் இடையிலான வேறுபாடு எமது ஆய்வுக்கு இன்றியமையாததாகும்.

1. பேரரசுக்கு விடுக்கப்பட்ட விண்ணப்பம்

ரொறன்ரோ நகரத்தை நாம் அறிந்தவரையில் மிக முற்படக் காட்டும் நிழற்படத் தொகுதி, ஆம்ஸ்ற்றோங், பியர், ஹைம் என்போரின் நிறுவனம் ஏறத்தாழ 1856 இல் எடுத்ததாகும். ரொசின் ஹவுஸ் என்னும் விடுதியின் கூரைமீது நின்று, நகரைச் சுற்றிவரப் பல படங்களை எடுத்து, அவற்றை ஒன்றோடொன்று இணைத்து முழுமையானதொரு நகர்க்காட்சியை அவர்கள் உருவாக்கினர். அதனுடன் வங்கி, கல்லூரி, நீதிமன்றம் முதலான முக்கிய கட்டடங்களின் தனிப்படங்களும் சேர்க்கப்பட்டன.

இப்படங்கள் அழகுணர்ச்சியின் பொருட்டு மாத்திரம் எடுக்கப்பட்டவையல்ல. அக்காலத்திற் கனடா மாகாணத்தின் நிரந்தரத் தலைநகர் எது என்பது தீர்க்கப்படாத பிரச்சினையாக இருந்தது. தெரிவு விக்ரோறியா மகாராணியிடம் விடப்பட்டது. போட்டியிட்ட நகரங்கள் தத்தம் தகுதிகளை எடுத்துரைத்து இலண்டனுக்கு விண்ணப்பங்களை அனுப்பின. ரொறன்ரோ தனது விண்ணப்பத்துடன் இப்படங்களையும் அனுப்பியது. 1857 இல் மகாராணி ஒட்டாவாவையே தெரிவுசெய்தார். படங்கள் இலண்டன் அரசாங்க நூலகமொன்றில் மறக்கப்பட்டுக் கிடந்து, 1979 இலேயே மீண்டும் கண்டெடுக்கப்பட்டன.

இவ்வரலாற்றில் இரண்டு விடயங்கள் மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, ஒரு குடியேற்ற நகரின் முதற்பெரும் நிழற்படப் பதிவு அந்நகர மக்களை நோக்கியதாக அமையவில்லை. தாய்நாட்டு அதிகாரிகளை நோக்கியதாகவே அமைந்தது. தூண்களையும் மணிக்கூண்டுகளையும் உடைய கட்டடங்கள், தாம் நாகரிகமடைந்தோர் என்பதற்கான சான்றுப் பத்திரங்களாகச் சமர்ப்பிக்கப்பட்டன. இரண்டாவது, அக்கால நிழற்படத் தொழில்நுட்பத்தின் இயல்பு. ஈரமான இரசாயனப் பூச்சுடைய கண்ணாடித் தகட்டின்மீது உருவம் பதிவதற்குப் பல வினாடிகள் தேவைப்பட்டன. அசையாது நின்ற கட்டடம் தெளிவாகப் பதிந்தது. தெருவில் நடந்து சென்ற மனிதன் மங்கலானதொரு நிழலாயினான், அல்லது முற்றாகவே மறைந்தான். பழைய நகரப் படங்களில் வீதிகள் வெறிச்சோடிக் காணப்படுவதற்கு இதுவே காரணம். வரலாற்று மாணவன் இவ்வெறுமையை உண்மையெனக் கொள்ளலாகாது. கருவியின் குறைபாடும் ஆளுவோரின் நோக்கும் இவ்விடத்தில் ஒன்றுக்கொன்று துணைசெய்தன.

2. பாலங்களும் அவற்றைக் கட்டியோரும்

ஸ்கொத்லாந்தின் பெய்ஸ்லி நகரிற் பிறந்த வில்லியம் நோட்மன் (1826-1891) 1856 இல் மொன்றியலுக்கு வந்து நிழற்படக்கூடமொன்றை நிறுவினார். சென் லோரன்ஸ் நதிக்குக் குறுக்கே கிராண்ட் ட்ரங்க் புகையிரதக் கம்பனி அமைத்துக்கொண்டிருந்த விக்ரோறியாப் பாலத்தின் கட்டுமானத்தைப் பதிவுசெய்யும் பொறுப்பு 1858 இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டு மைல் நீளமுடைய இப்பாலம் இரும்புத் தகடுகளாலான குழாய் வடிவினது. றொபேர்ட் ஸ்ரீவன்சன், அலெக்சாந்தர் றொஸ் ஆகிய பொறியியலாளர்களின் பெயருடன் அது இணைத்துப் பேசப்படுகின்றது. 1859 டிசெம்பரில் முதற் புகையிரதம் அதன்மீது சென்றது. 1860 ஓகஸ்டில் வேல்ஸ் இளவரசர் அதனைச் சம்பிரதாயபூர்வமாகத் திறந்துவைத்தார். அவ்வேளையில் நோட்மனின் படங்களடங்கிய பேழையொன்று அரச குடும்பத்துக்கு அன்பளிப்பாக அளிக்கப்பட்டது.

நோட்மனின் பாலப் படங்களில் தொழிலாளர் இல்லாமலில்லை. சாரங்களின் மீதும் இரும்புக் குழாயின் வாயிலிலும் அவர்கள் நிற்கின்றனர். ஆனால் அவர்கள் எதற்காக நிற்கின்றனர்? இரும்பின் பருமனைப் பார்ப்போனுக்கு உணர்த்தும் அளவுகோலாகவே அவர்கள் பயன்படுகின்றனர். படத்தின் தலைப்புப் பாலத்தின் பகுதியைக் குறிக்கின்றதேயன்றி மனிதரைக் குறிப்பதில்லை. அதே கூடத்தில் வணிகரும் அவர்தம் குடும்பத்தினரும் படமெடுத்துக்கொண்டபோது ஒவ்வொருவர் பெயரும் இலக்கமிடப்பட்டுப் பதிவேட்டில் எழுதப்பட்டது என்பதை இதனுடன் ஒப்புநோக்குதல் வேண்டும். 1956 இல் மக்கில் பல்கலைக்கழகத்தின் உடைமையாகிப் பின்னர் மொன்றியலின் மக்கோட் அருங்காட்சியகத்திற் பேணப்பட்டுவரும் நோட்மன் சேகரிப்பு நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைக் கொண்டது. அப்பெருந்தொகுதியில் பெயருடையோர், பெயரற்றோர் என்னும் பாகுபாடு வர்க்கப் பாகுபாடாகவே அமைந்துள்ளது.

பாலத்தைக் கட்டியோர் தமக்கெனவும் ஒன்றைக் கட்டினர். அயர்லாந்தின் பெரும்பஞ்சத்திலிருந்து தப்பிவந்து, 1847 இல் மொன்றியலின் ஆற்றங்கரைக் கொட்டில்களிற் கொடுங்காய்ச்சலால் மடிந்த ஆயிரக்கணக்கான மக்கள் அவ்விடத்திலேயே புதைக்கப்பட்டிருந்தனர். பால வேலையின்போது அவர்களுடைய எச்சங்கள் வெளிப்பட்டன. 1859 டிசெம்பரில் தொழிலாளர், ஆற்றுப் படுகையிலிருந்து எடுக்கப்பட்ட பாரிய கற்பாறையொன்றை அப்புதைகுழிகளின்மீது நிறுத்தி, ஆறாயிரம் பேரின் நினைவாக அதிற் சொற்களைப் பொறித்தனர். பாலத்துக்குப் பொறியியலாளரும் இளவரசரும் தேவைப்பட்டனர்; இக்கல்லுக்கு எவரும் கட்டளையிடவில்லை. கட்டுவோர் தம் விருப்பினால் எழுப்பிய நினைவுச்சின்னம் என்ற வகையில், செதுக்கப்படாத அப்பாறை கனடாவின் கட்டட வரலாற்றில் முதன்மையான இடத்தைப் பெறத்தக்கது.

அதே நதியின்மீது கியூபெக் நகரருகே எழுந்துகொண்டிருந்த மற்றொரு பாலம் 1907 ஓகஸ்ட் 29 ஆம் நாள் இடிந்து வீழ்ந்தது. 75 தொழிலாளர் மாண்டனர். அவர்களுள் முப்பதுக்கு மேற்பட்டோர் மொன்றியலை அடுத்த கானவாகேயைச் சேர்ந்த மோஹோக் மக்களாவர். வீழ்ச்சிக்கு முன்னும் பின்னும் எடுக்கப்பட்ட படங்கள் அரச விசாரணையிற் பயன்பட்டன. உருக்குச் சட்டம் எவ்விடத்தில் நெளிந்தது என்பது நுணுகி ஆராயப்பட்டது. கானவாகேயிலோ அம்மக்கள் உருக்குச் சட்டங்களையே சிலுவைகளாக்கித் தம் கல்லறைகளில் நாட்டினர். ஒரே பொருள் ஓரிடத்தில் தொழில்நுட்பச் சான்றாகவும் மற்றோரிடத்தில் துயரத்தின் குறியீடாகவும் நின்றது. பாலம் 1916 இல் மீண்டுமொருமுறை விபத்துக்குள்ளாகி 13 உயிர்களைப் பலிகொண்ட பின்னரே, 1917 இல் முற்றுப்பெற்றது.

அரசாங்கமும் நிழற்படத்தின் பயனை விரைவில் உணர்ந்தது. 1859 இல் ஆரம்பிக்கப்பட்ட ஒட்டாவாப் பாராளுமன்றக் கட்டடங்களின் செலவு கட்டுமீறிச் சென்று, 1861 இல் வேலை நிறுத்தப்பட்டது. 1862 இல் விசாரணைக் குழுவொன்று நியமிக்கப்பட்டது. இக்காலத்திலேயே சாமுவேல் மக்லோக்லின் கனடா மாகாண அரசின் உத்தியோகபூர்வ நிழற்படக் கலைஞராகி, வேலையின் முன்னேற்றத்தைக் கட்டங்கட்டமாகப் பதிவுசெய்தார். இங்கு நிழற்படம் கணக்கேடு போன்றது: செலவழிந்த பணத்துக்குக் கல் எழுந்துள்ளதா என்பதற்கான அத்தாட்சி. 1916 பெப்ரவரி 3 ஆம் நாள் மூண்ட தீயில் நூலகம் தவிர்ந்த மத்திய கட்டடம் அழிந்தபின், அக்கணக்கேட்டுப் படங்களே அழிந்துபோன கட்டடத்தின் சிறந்த சாட்சிகளாயின. ஓர் ஆவணம் தான் தோன்றிய நோக்கத்தைக் கடந்து பிறிதொரு நோக்கத்துக்குப் பயன்படக்கூடும் என்பதற்கு இது தக்க உதாரணம்.

3. சேரியும் கருவியும்: ரொறன்ரோவின் வார்ட்

நாம் விரிவாக நோக்க வேண்டியது ரொறன்ரோவின் வார்ட் எனப்பட்ட பகுதியின் வரலாற்றையாகும். நகரின் மத்தியில், கொலிஜ், யங், குயீன் ஆகிய வீதிகளுக்கும் யூனிவேர்சிற்றி வீதிக்கும் இடையே அமைந்திருந்த இப்பகுதியில், அமெரிக்க அடிமை முறையிலிருந்து தப்பிவந்த கறுப்பின மக்களும், ஐரிசு மக்களும், பின்னர் கிழக்கைரோப்பிய யூதர், இத்தாலியர், சீனர் ஆகியோரும் அடுத்தடுத்து வாழ்ந்தனர். நகரின் மலிவான உழைப்பு அங்கிருந்தே கிடைத்தது.

1910 இல் மாநகரின் சுகாதார வைத்திய அதிகாரியாகப் பதவியேற்ற சார்ள்ஸ் ஹேஸ்ரிங்ஸ், நகரின் சேரி நிலைமைகள் பற்றி 1911 இல் அறிக்கையொன்றை வெளியிட்டார். வளவுகளின் பின்புறம் நெருக்கமாக எழுப்பப்பட்ட குடில்கள், நிலவறைக் குடியிருப்புகள், பல குடும்பங்களுக்குப் பொதுவான மலகூடங்கள், முற்றத்தில் நின்ற ஒற்றைத் தண்ணீர்க்குழாய் என்பன அதிற் சுட்டிக்காட்டப்பட்டன. அதே 1911 ஆம் ஆண்டில் ஆதர் கோஸ் (1881-1940) மாநகரின் முதலாவது உத்தியோகபூர்வ நிழற்படக் கலைஞரானார். பத்து வயதளவில் மாநகரசபையிற் சிற்றூழியனாகச் சேர்ந்த அவர், தமது வாழ்நாள் முழுவதையும் அச்சேவையிலேயே கழித்தார். அவர் எடுத்த ஆயிரக்கணக்கான படங்கள், இலக்கமும் திகதியும் இடப்பட்டு, இன்று ரொறன்ரோ மாநகரச் சுவடிக்கூடத்தில் உள்ளன.

சுகாதாரப் பகுதிக்காகக் கோஸ் எடுத்த வார்ட் படங்கள் அக்காலக் கனடிய நிழற்படங்களுட் குறிப்பிடத்தக்கவை. பலகைச் சுவர்கள் சாய்ந்து நிற்கின்றன. முற்றத்தில் துணிகள் காய்கின்றன. வாசலிற் குழந்தைகள் நிற்கின்றனர். கலைஞனின் கண் அக்குழந்தைகளைக் காணத் தவறவில்லை. ஆனால் அவர்களின் பெயர்கள் எழுதப்படவில்லை. எழுதப்பட்டவை விலாசமும் குறைபாட்டின் வகையுமே.

ஹேஸ்ரிங்ஸின் முயற்சிகளைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது. பாலைக் கொதிநிலைக்குக் குறைந்த சூட்டிற் கிருமிநீக்கம் செய்வதையும், குடிநீரைத் தூய்மையாக்குவதையும் வற்புறுத்தி அவர் எத்தனையோ உயிர்களைக் காத்தவர். எனினும் சீர்திருத்த நோக்கின் எல்லையை இவ்விடத்திற் காணமுடிகின்றது. படங்கள் வீட்டின் அழுக்கைக் காட்டின. வீட்டுச் சொந்தக்காரன் பெற்ற வாடகையைக் காட்டவில்லை. நெருக்கத்தைக் காட்டின, நெருங்கி வாழவேண்டிய அளவுக்குக் குறைந்திருந்த கூலியைக் காட்டவில்லை. உற்பத்தியுறவுகள் கருவியின் கண்ணுக்குப் புலப்படுவனவல்ல. ஆதலால், காரணமாக நின்றது மறைந்து, விளைவாக நின்ற வீடே குற்றவாளியாயிற்று. குற்றவாளிக்குரிய தண்டனை இடித்தல் ஆகும்.

வார்ட் பகுதி படிப்படியாக இடிக்கப்பட்டது. வைத்தியசாலையும் அலுவலகங்களும் எழுந்தன. எலிசபெத் வீதியை மையமாகக் கொண்டிருந்த சீனர் குடியிருப்பின் பெரும்பகுதி, புதிய மாநகர மண்டபத்துக்காகவும் அதன் சதுக்கத்துக்காகவும் அகற்றப்பட்டது. பின்லாந்துக் கட்டடக் கலைஞர் வில்யோ றெவெல் அமைத்த அம்மண்டபம் 1965 இல் திறக்கப்பட்டது. எஞ்சிய பகுதியையும் விழுங்க முயன்ற திட்டங்களை அறுபதுகளின் இறுதியிற் சீன மக்கள் ஜீன் லம் போன்றோரின் தலைமையில் எதிர்த்து நின்றனர். 2015 இல் ஆர்மரி வீதியில் நிகழ்ந்த அகழ்வாய்வு, கறுப்பின மக்கள் கட்டியிருந்த தேவாலயத்தின் அடித்தளத்தையும் வீட்டுப் பாவனைப் பொருள்களையும் வெளிக்கொணர்ந்தது. சேரி என ஒரு சொல்லில் அடக்கப்பட்ட இடத்தில் வழிபாடும் தொழிலும் குடும்ப வாழ்வும் செழித்திருந்தமைக்கு மண் அளித்த சாட்சியம் அது.

கோஸ் எடுத்த படங்களுள் 1918 இல் திறக்கப்பட்ட புளோர் வீதி மேம்பாலத்தின் கட்டுமானப் படங்களும் அடங்கும். இவை எமது நாட்டுடன் தொடர்புடையதொரு படைப்புக்கு வழிவகுத்தன. 1943 இற் கொழும்பிற் பிறந்து கனடாவிற் குடியேறிய மைக்கல் ஒண்டாச்சி 1987 இல் வெளியிட்ட ‘இன் த ஸ்கின் ஒவ் எ லயன்’ என்னும் நாவல், அம்மேம்பாலத்தைக் கட்டிய மசிடோனியர் முதலான குடிவரவுத் தொழிலாளரைப் பொருளாகக் கொண்டது. கோஸும் அதில் ஒரு பாத்திரமாக வருகின்றார். பாலத்துக்குச் சென்ற பொருள்களின் கணக்கு ஆவணங்களில் உண்டு, கட்டிய மனிதரைப் பற்றிய செய்தி அவற்றில் இல்லை என்னும் உணர்வே அந்நாவலின் தோற்றுவாய். சுவடிக்கூடத்தின் மௌனத்தை இலக்கியம் நிரப்ப முனைந்தமையை இதிற் காண்கிறோம்.

4. முதற்குடி மக்களின் மனைகள்

1878 இல் கனடிய நிலவியல் ஆய்வுப் பகுதியைச் சேர்ந்த ஜோர்ஜ் மேர்சர் டோசன், நிலக்கரி முதலான கனிவளங்களை ஆராயும் பொருட்டு ஹைதா மக்களின் தீவுகளுக்குச் சென்றார். ஸ்கிடகேற் முதலிய ஊர்களில், செதாரு மரத்தாலான பெருமனைகளையும் அவற்றின் முகப்பில் உயர்ந்து நின்ற செதுக்குக் கம்பங்களையும் அவர் படமெடுத்தார். 1862 இற் பரவிய பெரியம்மை நோய் அம்மக்களுட் பெரும்பாலோரை அதற்கு முன்னரே அழித்திருந்தது. ஆளற்ற மனைகள் பழம்பொருள்கள் போலப் பதிவாயின. நிலத்தின் கீழுள்ள செல்வத்தை அளக்க வந்தவரின் கையாலேயே நிலத்தின் மேலிருந்த செல்வம் பதிவானமை தற்செயலன்று. அளத்தலும் படமெடுத்தலும் ஒரே ஆட்சிமுறையின் இரு கரங்கள். சில ஆண்டுகளுள், 1885 இல், அம்மனைகளில் நிகழ்ந்த பொற்லாச் என்னும் கொடை விழா சட்டத்தினால் தடைசெய்யப்பட்டது; அத்தடை 1951 வரை நீடித்தது. அதே அரசு முதற்குடிச் சிறுவரைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்துவைத்த வதிவிடப் பாடசாலைகளின் செங்கற் கட்டடங்களைத் தன் சாதனைகளாகப் படமெடுத்து வெளியிட்டது. 2015 இல் உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு தன் இறுதி அறிக்கையை வெளியிட்ட பின்னர், அப்படங்கள் சாதனைச் சான்றுகளாக அல்ல, குற்றத்தின் சான்றுகளாகவே நோக்கப்படுகின்றன.

ஆயினும் ஹைதா மக்களின் கட்டடக்கலை படத்துடன் முடிந்துவிடவில்லை. ஐம்பதுகளின் இறுதியிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும், ஹைதா வழிவந்த சிற்பி பில் றீட், குவாகுவாகவாக் சிற்பி டக் கிரான்மருடன் இணைந்து, வன்கூவர்ப் பல்கலைக்கழக வளவில் ஹைதா மனைகளையும் கம்பங்களையும் மீள எழுப்பினார். 2024 இல் பிரிட்டிஷ் கொலம்பிய மாகாண அரசு அத்தீவுக்கூட்டம் முழுவதன் மீதும் ஹைதா மக்களுக்குள்ள உரித்தினை ஏற்றுக்கொண்டது. இறந்துபோனதெனப் பதிவுசெய்யப்பட்ட ஒன்று இறக்கவில்லை.

5. இடிப்புக்கு எதிரான சாட்சியம்

நோவா ஸ்கோசியாவின் ஹலிபக்ஸ் நகரோரத்தில் இருந்த ஆபிரிக்வில், கறுப்பின மக்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வாழ்ந்த ஊர். அவர்கள் வரி செலுத்தினர். ஆனால் மாநகரசபை குழாய்நீரையோ கழிவுநீர் வடிகாலையோ வழங்கவில்லை. குப்பை மேட்டை ஊரருகே கொண்டுவந்தது. தானே உண்டாக்கிய சீர்கேட்டைக் காரணங்காட்டி 1964 இற்கும் 1970 இற்கும் இடையில் ஊரை அழித்தது. குடும்பங்கள் சிலவற்றின் தட்டுமுட்டுப் பொருள்கள் குப்பை வண்டிகளில் ஏற்றிச் செல்லப்பட்டன. 1967 இல் தேவாலயம் இரவோடிரவாக இடிக்கப்பட்டது. அறுபதுகளில் பொப் புறூக்ஸ் போன்றோர் எடுத்த படங்களில் வர்ணம் பூசிய வீடுகளையும் தேவாலயத்தையும் விளையாடும் சிறுவரையும் காண்கிறோம். மாநகரம் சேரியெனக் கண்டதை அப்படங்கள் ஊரெனக் காட்டின. 2010 இல் ஹலிபக்ஸ் மாநகரம் மன்னிப்புக் கோரியது. இடிக்கப்பட்ட தேவாலயத்தின் மாதிரியிற் புதியதொரு கட்டடம் எழுந்தது. எனினும் நிலம் உரியவர் கைக்கு மீளவில்லை.

மொன்றியலில் இப்போராட்டம் வேறு வடிவம் பெற்றது. 1973 இல் வான் ஹோர்ன் மாளிகை இடிக்கப்பட்டமை பொதுமக்களின் எதிர்ப்பைத் தூண்டியது. அக்காலத்திலேயே பிலிஸ் லம்பேர்ட், நிழற்படக் கலைஞர் றிச்சர்ட் பாருடன் சேர்ந்து, நகரின் சாம்பற்கற் கட்டடங்களை வீதிவீதியாகப் படமெடுத்தார். 1979 இல் கனடியக் கட்டடக்கலை மையத்தை நிறுவினார். 1976 ஒலிம்பிக் விழாவையொட்டி மெல்வின் சார்னியின் ஒழுங்கமைப்பில் ஷேர்புறூக் வீதி நெடுக அமைக்கப்பட்ட ‘கொறிடார்’ கண்காட்சி, அவ்வீதியில் நிகழ்ந்த அழிவுகளைப் படங்களின் துணையுடன் வீதியிலேயே எடுத்துக்காட்டியது. விழா தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்னர், நகரபிதா ஜோன் ட்றப்போவின் கட்டளையால் அது இரவிலே அகற்றப்பட்டது. பழைய கட்டடத்தின் படமொன்று ஆட்சியாளருக்கு இத்துணை அச்சத்தை விளைவிக்குமாயின், அப்படத்தின் ஆற்றலுக்கு வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை. மிக முக்கியமாக, மில்ரன் பார்க் பகுதியிற் குடியிருந்தோர் நீண்டகாலம் போராடித் தம் வீடுகளைக் கூட்டுறவு உடைமையாக்கினர். கட்டடத்தை மாத்திரமன்றி அதிற் குடியிருந்தோரையும் காத்தமையே அதன் சிறப்பு.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு நாம் வரலாம். கட்டட நிழற்படம் நடுநிலையான சாட்சியன்று. அதனை எடுப்பித்தோரின் தேவை அதன் சட்டகத்துள்ளே அமர்ந்திருக்கின்றது. ஆகவே யார் எடுப்பித்தனர், யாருக்குக் காட்டுவதற்காக, கட்டுவதற்கு முன்னரா இடிப்பதற்கு முன்னரா என்னும் வினாக்களை எழுப்பாது அதனைச் சான்றாகக் கொள்ளுதல் தகாது. அதேவேளை, எடுப்பித்தோரின் தேவைக்குள் அது முற்றாக அடங்கிவிடுவதுமில்லை. கோஸின் படத்தில் வாசலில் நிற்கும் குழந்தையைச் சுகாதார அறிக்கை கேட்கவில்லை. ஆனால் குழந்தை அங்கு நிற்கிறது. நோட்மனின் படத்தில் அளவுகோலாக நிறுத்தப்பட்ட தொழிலாளி எம்மை நோக்குகிறான். அவனுடைய பெயரைத் தேடுவதற்குப் படம் மாத்திரம் போதாது. சம்பளப் பதிவேடு, கப்பற் பயணிகள் பட்டியல், கல்லறை, வாய்மொழி வரலாறு ஆகியவற்றுடன் அது இணைத்து நோக்கப்படல் வேண்டும்.

1983 இன் பின்னர் ஈழத்திலிருந்து சென்ற தமிழர் பலர் ரொறன்ரோவில் முதலில் ஒதுங்கிய சென் ஜேம்ஸ் ரவுன் மாடித்தொடர்கள், பழைய விக்ரோறியக் கால வீடுகளை இடித்து அறுபதுகளில் எழுப்பப்பட்டவை. ஒருவர் இழந்த வீட்டின்மீது பிறிதொருவர் அடைக்கலம் பெறுதல் அந்நகரத்தின் நீண்ட கதை. அக்கதையின் அடுத்த அத்தியாயத்திற்குரிய படங்கள் மாநகரச் சுவடிக்கூடத்தில் மாத்திரமன்றி, குடியேறியோரின் வீட்டுப் பெட்டகங்களிலும் உள்ளன. அவற்றின் பின்புறத்திற் பெயரையும் ஆண்டையும் எழுதிவைத்தல் சிறு செயலாகத் தோன்றலாம். ஆனால் பெயரற்றோர் வரிசையில் மேலும் சிலர் சேராதிருப்பதற்கு அதுவே முதற்படியாகும்.